பட்டன் அக்காவின் பொய் ஜாடி

பட்டன் அக்கா எவரையும் முதலில் முகத்தில் பார்ப்பதில்லை. சட்டையின் நடுக்கோட்டில் பார்ப்பார். மேலிருந்து இரண்டாவது பட்டன், பிறகு கைப்பட்டன், அதற்குப் பிறகுதான் ஆள். அவர் கடைக்கு நான் முதன்முறை போன அன்று, என் சட்டையில் மூன்றாவது பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஊக்கு இருந்தது. அதைப் பையின் வாரால் மறைத்திருந்தேன். மறைத்ததாக நினைத்திருந்தேன்.

“ஊக்கு குத்திட்டு வந்திருக்கீங்களே மேடம், நீங்களா எனக்கு இன்டர்நெட்டுல கடை கட்டித் தரப்போறீங்க?” என்றார்.

நான் வாயெடுப்பதற்குள் ஊசியில் நூல் கோத்துவிட்டார். மேசைக்கு மேலாக என்னை இழுத்து, நின்றபடியே என் வெள்ளைச் சட்டையில் ஒரு கரும்பச்சைப் பட்டனைத் தைத்தார். நான்கு ஓட்டை, தடித்த விளிம்பு. ஆண்களின் மழைக்கோட்டில் இருக்க வேண்டியது.

“அக்கா, கலர் ஒத்துப்போகலையே.”

“ஒத்துப்போற வெள்ளைப் பட்டன் இருக்கு. சைட் ஓபன் ஆகட்டும், மாத்தித் தர்றேன். அது வரைக்கும் இது ஜாமீன்.”

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அவர் பல் என் நெஞ்சுக்கு இரண்டு விரல் தூரத்தில் இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

அவருக்கு நாற்பத்தேழு வயது. பதினேழு வயதில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் பட்டன் தைக்கும் இயந்திரத்தில் உட்கார்ந்தார். காலால் மிதித்தால் ஊசி பதினாறு முறை குத்தி நிற்கும். அடுத்த சட்டை. எட்டு வருடம் அதுதான் வேலை. அங்கே கழிவறைக்குப் போவதற்கு ஒரு பித்தளை டோக்கன் உண்டு. முப்பது பேருக்கு ஒரே டோக்கன். போனவர் திரும்பி வந்து ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவர் எழுந்திருக்கலாம். வேலையை விட்ட கடைசி நாளில் அக்கா டோக்கனோடு கழிவறைக்குப் போனார், அப்படியே பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்துவிட்டார். தொழிற்சாலை புது டோக்கன் அடித்து வாங்கும் வரை ஒன்றரை நாள் அந்த முப்பது பேரும் இஷ்டப்படி போய் வந்தார்களாம். அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய சமூகசேவை அது என்று அவரே சொல்வார். டோக்கன் இன்னும் கடையில் தொங்குகிறது.

கடை ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. முன்பக்கம் நிமிர்ந்து நிற்கலாம், நடுவில் குனிய வேண்டும், கடைசியில் தவழ வேண்டும். தொழிற்சாலை மூட்டை மூட்டையாகக் கழித்துப் போட்ட மிச்சப் பட்டன்களை வாங்கி, இருபத்திரண்டு வருடம் முன்னால் அங்கே உட்கார்ந்தவர். முந்நூற்றுப் பன்னிரண்டு சின்ன இழுப்பறைகள். எதிலும் பெயர் எழுதியிருக்காது. ஒவ்வொன்றின் முகத்திலும் உள்ளே இருக்கும் பட்டனில் ஒன்று தைத்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு இழுப்பறையைத் தடவியே கேட்டதை எடுத்துத் தருவார். நகரத்தின் தையல்காரர்கள் பாதிப் பேர் அவரைத் தேடி வருவார்கள். வந்து திட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். “இந்தத் துணிக்கு இந்தப் பட்டனா? துணி என்ன பாவம் பண்ணுச்சு?”

அந்தக் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று நோட்டீஸ் வந்தது. மூன்று மாதம் அவகாசம். அந்த வட்டாரத்தில் வேறு கடை எதுவும் அவர் கைக்கு எட்டும் வாடகையில் இல்லை. வீட்டு மாடியில் ஒரு அறை காலியாக இருந்தது. இழுப்பறைகளை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு இணையத்தில் விற்கலாம். இல்லையென்றால் மறுபடி தொழிற்சாலை. மேற்பார்வையாளர் ஆள் அனுப்பிக்கூடக் கேட்டுவிட்டாராம்: அக்கா வந்தால் இயந்திரம் தயார்.

“டோக்கனும் தயாரா இருக்கும்,” என்றார் அக்கா என்னிடம். அதைச் சொன்னபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

ஆக, ஷட்டரை இறக்கும் நாளுக்குள் இணையக் கடை திறந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு இட்ட வேலை.

இதில் ஒரு முள் இருந்தது. எனக்கு முன்னால் ஒருவன் அவருக்கு ஒரு தளம் கட்டிக் கொடுத்திருந்தான். “நீங்க எதையும் தெரிஞ்சுக்க வேணாம்க்கா, எல்லாத்தையும் எங்கிட்ட விட்டுடுங்க” என்பது அவன் தாரக மந்திரம். அக்கா விட்டுவிட்டார். கடையின் பெயரையே அவன் தன் பெயரில் பதிவு செய்துகொண்டான், பாஸ்வேர்டைத் தன்னோடு வைத்துக்கொண்டான், ஒருநாள் வெளிநாட்டு வேலை கிடைத்ததும் கம்பி நீட்டிவிட்டான். அடுத்த மாதம் தளம் வெறும் வெள்ளைப் பக்கமானது. அதிலிருந்து கடை முன்னால் ஓர் அட்டை தொங்கியது: “இங்கே இன்டர்நெட் பேசக் கூடாது.”

நான் வேலை செய்யும் நிறுவனம் ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருக்கிறது. மொத்தம் நான்கு பேர். முதலாளிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘அடுத்த வாரம்’. எந்த வாடிக்கையாளர் எப்போது கேட்டாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் இரண்டு சொற்கள் அவை. அவர்தான் என்னை அந்த அட்டைக்கு முன்னால் அனுப்பி வைத்தார். “நீ போ. பொண்ணு போனா நம்புவாங்க.”

அக்கா நம்பவில்லை. முதல் கேள்வியே, “பாஸ்வேர்ட் யார்கிட்ட இருக்கும்?”

“உங்ககிட்டதான்க்கா. நீங்களே போடுங்க. எனக்குத் தெரியவே வேணாம்.”

“அப்ப திரும்பி நில்லுங்க மேடம்.”

திரும்பி நின்றேன். ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். தட்டும்போது ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுச் சொன்னார்.

“அக்கா, கேட்டுடுச்சு.”

“எது?”

“முழுசும்.”

ஒரு கணம் என்னைப் பார்த்தார். அழித்தார். “காதைப் பொத்திக்கோம்மா” என்றார். மேடமாக இருந்த நான் ‘அம்மா’வாகிவிட்டேன். அவரிடம் இது ஓர் அளவுகோல் என்பது போகப்போகத் தெரிந்தது. கோபமென்றால் “மேடம்”, வாங்க, போங்க. சமாதானமென்றால் “வாம்மா”. இவற்றுக்கு அப்பால் இன்னொன்று இருந்தது. அவர் கணவருடைய தங்கையோடு போனில் பேசும்போது மட்டும் வரும்: “அடியே!” அது எனக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

வேலை தொடங்கியது. முதல் நாளே தகராறு.

“வாங்கறதுக்கு ஒரு பட்டன் வைக்கணும்க்கா. அதை எங்க வைக்கலாம்?”

“எந்தப் பட்டன்?”

“வாங்குற பட்டன்.”

“எல்லாமே வாங்குற பட்டன்தானே? வாங்காத பட்டனை எதுக்கு வைக்கணும்?”

திரையில் அழுத்தும் பட்டனைக் காட்டினேன். நீளமான செவ்வகம், நீல நிறம். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

“இதுவா பட்டன்? ஓட்டை எங்க?”

“இதுல ஓட்டை இருக்காதுக்கா.”

“ஓட்டை இல்லாம எப்படித் தைப்ப? பட்டன் விக்கிற கடையில பட்டனே பட்டன் மாதிரி இல்லைன்னா எவன் நம்புவான்? வட்டமா, நாலு ஓட்டையோட வை.”

“சின்ன வேலைதான்க்கா, பண்ணிடறேன்,” என்றேன்.

அதற்கு மூன்று நாள் ஆனது. எல்லா ஃபோனிலும் வட்டம் வட்டமாகவே தெரிய வேண்டும். ஒரு ஃபோனில் முட்டையானது, இன்னொன்றில் ஓட்டைகள் இரண்டாகிவிட்டன. நான்காவது நாள் காட்டப் போனபோது மேசையில் ஒரு மிட்டாய் ஜாடி இருந்தது. கண்ணாடி ஜாடி, உள்ளே ஒரே ஒரு பட்டன்.

“இது என்னக்கா?”

“நீ ‘சின்ன வேலைதான்’னு சொன்னே. மூணு நாள் ஆச்சு. அதான் ஒண்ணு போட்டேன். ஜோடி இல்லாத பட்டன் நிறையக் கெடக்கு. நீ சொல்லச் சொல்லப் போடுறேன். எவ்வளவு சேருதுன்னு பாப்போம்.”

சேர்ந்தது. தவறு என் மேல்தான். எங்கள் தொழிலில் அது ஒரு தும்மல் மாதிரி, தானாக வரும். அக்கா எதையாவது மாற்றச் சொல்லும்போது, அது எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குப் பாதி நேரம் தெரியாது. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த இடத்தில் “சின்ன வேலைதான்” வந்து உட்கார்ந்துகொள்ளும். டக். ஜாடியில் ஒரு பட்டன். இரண்டு மாதத்தில் நாற்பத்தொன்று. கடைக்கு வரும் தையல்காரர்கள் கேட்பார்கள், “இது என்னக்கா, விக்கிறதா?” அக்கா தலையை என் பக்கம் அசைப்பார். “இல்ல. அது இவ சொன்ன பொய்.”

என் வீட்டில் யாரும் என்னை இப்படி எண்ணியதில்லை. அப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் பக்கம் போன முதல் ஆள் நான். வங்கிக் கடிதம், மாத்திரை அட்டை, மின்சார அலுவலகத்து நோட்டீஸ் எது வந்தாலும் “அதுகிட்ட குடு, அது படிச்சிருக்கு” என்று என்னிடம் வரும். தெரியாவிட்டாலும் இரண்டு ஆங்கிலச் சொற்களைப் போட்டால் போதும், அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்துவிடும். அதைத்தான் நான் நம்பிக்கை என்று நினைத்திருந்தேன். கேள்வி கேட்க வழியில்லாமல் ஒருவர் தலையாட்டுவதும் நம்புவதும் ஒன்றுதானா என்று அந்த ஜாடியைப் பார்க்கும் வரை எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

ஷட்டர் இறக்கப் பதினொரு நாள் இருக்கும்போது அது நடந்தது.

அக்காவின் நீள நோட்டில் இருந்த நானூற்றுப் பன்னிரண்டு தையல்காரர்களின் எண்களையும், சோதனைக்காக என் எண்ணையும் கணினியில் ஏற்றியிருந்தேன். கடை திறக்கும் அன்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் குறுஞ்செய்தி போக வேண்டும் என்பது ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை காலை அக்கா போனில் கூப்பிட்டு, படங்களில் சிவப்புப் பட்டன் சிவப்பாகத் தெரியவில்லை என்று கால் மணி நேரம் காய்ச்சி எடுத்தார். போனை வைத்த சூட்டோடு, குறுஞ்செய்தி போகிறதா என்று பார்க்க, எனக்கு நானே ஒன்று எழுதினேன். சோதனைதானே, யார் பார்க்கப்போகிறார்கள்? எழுதியது இது:

“சோதனை. பட்டன் அக்கா மூஞ்சி உர்ர்ருனு இருக்கு. பட்டன் கேட்டா கடிச்சிடும். தைரியம் இருந்தா வாங்க.”

அனுப்பினேன். என் போன் ஒரு முறை அதிர்ந்தது. சரி, வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டே திரையைப் பார்த்தேன். ‘யாருக்கு’ என்ற இடத்தில் என் எண் இல்லை. ‘எல்லோருக்கும்’ என்று இருந்தது. கீழே பச்சை எழுத்தில்: நானூற்றுப் பதிமூன்று செய்திகள் சேர்ந்தன. நானூற்றுப் பதிமூன்றாவது ஆள் நான்.

முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார், படித்தார், ஒரு நொடி சிரித்துவிட்டு முகத்தை மாற்றிக்கொண்டார்.

“வைரஸ்னு சொல்லிடு.”

“சார்?”

“சர்வர்ல வைரஸ் பூந்துடுச்சுன்னு சொல்லு. அடுத்த வாரம் சரியாயிடும்னு சொல்லு. அவங்களுக்கு என்ன தெரியப்போவுது? நீயா போய் மாட்டிக்காத. கையை விட்டுப் போயிடும் இந்த வேலை.”

பேருந்தில் முக்கால் மணி நேரம். என்னிடம் இரண்டு வசனங்கள் இருந்தன. ஒன்று வைரஸ். அது அழகான வசனம். எந்த ஓட்டையும் இல்லை, அக்காவால் சோதித்துப் பார்க்கவும் முடியாது. இன்னொன்று உண்மை. அது படு கேவலமாக இருந்தது. வீட்டில் இத்தனை வருடமும் முதல் வகை வசனத்தைத்தான் விற்று வந்திருக்கிறேன். நல்ல சரக்கு, திரும்பி வந்ததே இல்லை. ஆனால் எல்லாம் தெரிந்தவன்தான் பாஸ்வேர்டோடு கம்பி நீட்டினான் என்பதும் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம், நான் இன்னும் ஊரில் இருக்கிறேன் என்பதைத் தவிர?

கடைக்குள் நுழைந்தபோது அக்கா போனில் இருந்தார். “ஆமா, கடிப்பேன். நேர்ல வாங்க, காட்டுறேன்.” போனை வைத்தார். உள்ளே குனிய வேண்டிய இடத்தில் அவர் கணவர் உட்கார்ந்து பட்டன் பிரித்துக்கொண்டிருந்தார். பள்ளி வேன் ஓட்டுபவர். காலை நடை முடிந்து மாலை நடை வரை கடையில் இருப்பார். நான் மாமா என்று கூப்பிடுவேன். ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியத்துக்கு மேல் பேச மாட்டார்.

“வாங்க மேடம். உக்காருங்க மேடம்.”

ஒரே மூச்சில் இரண்டு மேடம். என் கதை முடிந்தது.

“உங்க சார் இப்பதான் போன் பண்ணாரு. வைரஸாம்.”

முதலாளி எனக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்.

“ஏன் மேடம், வைரஸுக்கு என் மூஞ்சி எப்படித் தெரியும்? கடைக்கு வந்துச்சா? பட்டன் வாங்குச்சா? கடிபட்டுச்சா?”

“வைரஸ் இல்லக்கா,” என்றேன். “நான்தான்.”

மாமாவின் கையில் பட்டன் சத்தம் நின்றது.

“எனக்கு மட்டும் அனுப்பிப் பாக்கலாம்னு எழுதினேன். எல்லாருக்கும்னு இருந்ததை மாத்த மறந்துட்டேன்.”

“எழுதினது?”

“அதுவும் நான்தான்.”

“உர்ர்ருங்கிறது?”

“காலையில திட்டினீங்க இல்ல, அந்தக் கோபத்துல.”

“கடிக்கும்கிறது?”

“அது… பொதுவா சொன்னதுக்கா.”

“பொதுவா சரிதான்,” என்றார் மாமா உள்ளேயிருந்து. அன்றைய முதல் வாக்கியம்.

அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. நீள நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். “இதுல இருக்கிற ஒவ்வொருத்தரும் இந்த மேசைக்கு முன்னாடி நின்னவங்க. இருபத்திரண்டு வருஷமா ஒவ்வொண்ணா எழுதினேன். கடை போனாலும் இவங்க இருக்காங்கங்கிற தெம்புலதான் ராத்திரி தூங்கறேன். அதைப் புடிச்சு நீ விளையாடுற பொம்மையாக்கிட்டே.”

“ஆமாக்கா” என்றேன்.

போன் அடித்தது. அக்கா அதை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

“எடு. இன்னிக்கு எத்தனை பேர் கூப்பிடுறாங்களோ அத்தனை பேர்கிட்டயும் நீயே சொல்லு.”

சாயங்காலம் வரை அறுபத்து மூன்று பேர் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் சொன்னேன்: வணக்கம், அந்த மெசேஜ் எழுதினது நான்தான், சைட் செய்யிற பொண்ணு, தப்பா வந்துடுச்சு, அக்கா நல்லாதான் இருக்காங்க. ஒருவர், “உர்ர்ருனு இருக்கும்னு எழுதறதுக்கு மெஷின் எதுக்கும்மா, எங்களுக்கே தெரியுமே” என்றார். ஓர் அம்மா பதினைந்து வருடம் முன்னால் அக்காவிடம் வாங்கிய திட்டை வரி மாறாமல் ஒப்பித்தார். இன்னொருவர், “கடிச்சா ஊசி போட்டுக்கணுமா?” என்று விசாரித்தார். மூன்று பேர் அக்காவை அப்படி எழுதியதற்காக என்னை நன்றாக ஏசினார்கள். அந்த மூன்று அழைப்பையும் அக்கா ஸ்பீக்கரில் போடச் சொல்லி ரசித்துக் கேட்டார். கடை காலியாகப் போகிறது என்பதே பாதிப் பேருக்கு அன்றுதான் தெரிந்தது.

நாற்பதாவது அழைப்போ என்னவோ, பள்ளி பேண்டு வாத்தியக் குழுவுக்குச் சீருடை தைக்கும் ஒருவர். “நங்கூரம் போட்ட பித்தளைப் பட்டன் முந்நூறு வேணுமே, இருக்கா?”

அக்கா எழுதிக் கொடுத்த சரக்குப் பட்டியல் என் போனில் இருந்தது. பார்த்தேன். ஐந்நூறு. “இருக்குங்க, முந்நூறு தரலாம்,” என்று சொல்லிவிட்டேன். அப்பாடா, ஒரு நல்ல வேலை செய்தோம் என்று நானே எழுந்து இழுப்பறையைத் திறந்தேன்.

அடி தெரிந்தது. எண்ணினேன். முப்பத்தெட்டு.

பக்கத்து இழுப்பறையைத் திறந்தேன். பட்டியலில் ஐந்நூறு. உள்ளே எழுபதுகூட இல்லை. அதற்கடுத்தது ஐந்நூறு. உள்ளே ஒரு பட்டனும் ஒரு செத்த கரப்பானும்.

“அக்கா, இந்த ஐந்நூறு எங்க?”

“இருக்கும்.”

“எங்க இருக்கும்?”

“வரும்.”

“எல்லா இழுப்பறையிலயும் ஐந்நூறுன்னு எழுதியிருக்கீங்களே?”

அக்கா டோக்கனைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் என் சட்டையில் இருந்த கரும்பச்சைப் பட்டனைப் பார்த்தார். “முன்னாடி சைட் கட்டிட்டு ஓடிப்போனானே, அவன் சொல்லிக் குடுத்தது. நிறையக் காட்டுங்க, அப்பதான் பெரிய கடைன்னு நம்புவாங்கன்னான். உங்கிட்டயும் அப்படியே குடுத்துட்டேன். முப்பத்தெட்டுன்னு போட்டா இதெல்லாம் ஒரு கடையான்னு நீ நினைச்சிட்டா?”

மேசையில் கிடந்த ஜோடி இல்லாத பட்டன்களில் ஒன்றை எடுத்து ஜாடியில் போட்டேன். டக்.

அக்காவின் முகம் நான் குறுஞ்செய்தியில் எழுதியபடியே ஆனது. பிறகு உள்ளேயிருந்து மாமா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துத் தலையை மாடிப்படியில் இடித்துக்கொண்டார். “முந்நூத்துப் பன்னிரண்டு பட்டன் போடணும்மா. ஒண்ணு போட்டா எப்படி?” இரண்டாவது வாக்கியமும் மூன்றாவதும்.

அக்கா போனைப் பிடுங்கி அந்தத் தையல்காரரைக் கூப்பிட்டார். “நான்தான் பேசறேன். நங்கூரம் முப்பத்தெட்டுதான் இருக்கு. அந்தப் பொண்ணு தெரியாம சொல்லிட்டா…” நிறுத்தினார். என்னைப் பார்த்தார். “இல்ல. அவ மேல தப்பில்ல. நான்தான் தப்பா எழுதிக் குடுத்தேன்.” மறுமுனையில் என்னவோ சொன்னார்கள். “என்னது? முப்பத்தெட்டையும் எடுத்து வைக்கவா? மீதிக்கு ஒரு வாரம் பொறுப்பீங்களா? ஏன், என்ன திடீர்னு இவ்வளவு நல்லவரா ஆயிட்டீங்க?”

போனை வைத்துவிட்டு, “எண்ணணும்,” என்றார். “எல்லாத்தையும்.”

அடுத்த ஏழு நாள் நாங்கள் மூவரும் பட்டன் எண்ணினோம். அலுவலகத்தில் முதலாளியிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். “பட்டன் எண்ணவா உன்னைப் படிக்க வெச்சாங்க?” என்றார். அதே கேள்வியை வீட்டில் அம்மாவும் கேட்டார், நான் ஒவ்வோர் இரவும் விரல் நுனியில் பித்தளை வாசனையோடு வந்ததைப் பார்த்து. அம்மாவிடம் முதன்முறையாக ஆங்கிலச் சொல் இல்லாமல் என் வேலையைச் சொன்னேன். அம்மா நிறையக் கேள்வி கேட்டார். இத்தனை கேள்விகளை இவ்வளவு நாள் எங்கே வைத்திருந்தார் என்று தெரியவில்லை.

எண்ணும்போது எங்களுக்குள் ஒரு சட்டம் உருவானது. யாரும் உட்கார்ந்து போடவில்லை, தானாக வந்தது. நான் “சின்ன வேலைதான்” சொல்லக் கூடாது. அக்கா “இருக்கும்” சொல்லக் கூடாது. இருக்கு அல்லது இல்லை. எனக்கு மணிக்கணக்கு அல்லது “தெரியாது, பாத்துட்டுச் சொல்றேன்.” முதல் இரண்டு நாள் இருவருமே ஊமை மாதிரி இருந்தோம். எங்கள் பேச்சில் பாதி அந்த இரண்டு சொற்கள்தான் என்பது அப்போதுதான் விளங்கியது.

கடைசி நாள். இழுப்பறைகள் வேனில் ஏறி வீட்டு மாடிக்குப் போய்விட்டன. வெறும் கடை. மேசை மட்டும், அதன் மேல் ஜாடியும் ஜோடி இல்லாத நாலு பட்டனும், சுவர் ஆணியில் டோக்கன். மதியம் பன்னிரண்டுக்கு இணையக் கடை திறந்தது. முதல் பக்கத்தில் அக்கா பிடிவாதமாக வைக்கச் சொன்ன வரி: “பட்டன் கேட்டா கடிக்க மாட்டேன். தைரியமா வாங்க.” அதன் கீழே வட்டமாக, நாலு ஓட்டையோடு, வாங்கும் பட்டன். நங்கூரம் போட்ட பித்தளையில் ‘இருப்பு இல்லை’ என்று உண்மை நிலவரம்.

நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் செய்தி போனது. அதை அக்காவே மூன்று முறை படித்துப் பார்த்து அவரே அனுப்பினார். காத்திருந்தோம். பத்து நிமிடம். அரை மணி. ஒன்றும் வரவில்லை. அக்கா டோக்கனை ஆணியிலிருந்து கழற்றி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

அப்போது மாமா வாசலிலிருந்து, “நான் அமுக்கிப் பாத்தேன். பட்டன் வேலை செய்யல,” என்றார்.

அவர் போனை வாங்கினேன். பழைய போன். நாலு ஓட்டைப் பட்டன் அழகாகத் தெரிந்தது. நடுவில் அழுத்தினால் ஒன்றும் ஆகவில்லை, விளிம்பில் அழுத்தினால் வேலை செய்தது. ஓட்டைக்குள் விரல் விழுந்துகொண்டிருந்தது.

“மேடம்,” என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை, பயம். “எவ்வளவு நேரம்?”

நாக்கு நுனியில் அந்தத் தும்மல் வந்து நின்றது. விழுங்கினேன். “பெரிய வேலைக்கா. எதுல தப்புன்னு தேடணும். நாலு மணி நேரம் ஆகும்.”

“சரி,” என்றார் அக்கா. “நாலு மணி நேரம்னா நாலு மணி நேரம். அத்தனை பேருக்கும் நான் போன் போட்டுச் சொல்லிக்கறேன், சாயங்காலம் வாங்கன்னு.” நோட்டைப் பிரித்து முதல் எண்ணை அழுத்தினார். ஏன் என்று கேட்கவில்லை. என் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு நிமிடம் எனக்குக் கை ஓடவே இல்லை.

இருபதாவது நிமிடம் தப்பு கிடைத்துவிட்டது. ஒரே ஒரு வரி. சரி செய்தேன். மாமா அழுத்தினார். வேலை செய்தது. அடுத்த ஐந்து நிமிடத்தில் முதல் ஆர்டர் வந்தது: சிப்பிப் பட்டன், மூன்று டஜன். குறிப்பு என்ற இடத்தில், “விரல் ஓட்டையில மாட்டிக்கிச்சு. இப்ப வெளிய வந்துடுச்சு. சீக்கிரம் அனுப்புங்க.” அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இரண்டு.

அக்கா டோக்கனைக் கைப்பைக்குள் போட்டார். பிறகு மேசையிலிருந்து ஒரு பட்டனை எடுத்து, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே ஜாடியில் போட்டார். டக்.

“இது எதுக்குக்கா?”

“நாலு மணி நேரம்னு சொன்னே. இருபது நிமிஷத்துல முடிச்சிட்டே. இதுவும் பொய்தானே, அடியே?”

அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. சட்டையைத் தொட்டுக் காட்டினேன். “சைட்தான் ஓபன் ஆயிடுச்சே. என் வெள்ளைப் பட்டன்?”

அக்கா ஷட்டரின் கொக்கியைத் தேடிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: “இழுப்பறை எல்லாம் மாடிக்குப் போயிடுச்சு. அங்கதான் எங்கயாவது இருக்கும். தைக்கிறது சின்ன வேலைதான், அடுத்த வாரம் வா.”

நான் மேசையைப் பார்த்தேன். மூன்று பட்டன்கள் மிச்சம் இருந்தன. மூன்றையும் எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டேன்.